‘இரு மாணவர்களுக்குள் சண்டை’ என்று எழுதாதீர்கள்

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம். அடிபட்டு வரும் திருநர் பிள்ளைகளையும், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத பிள்ளைகளையும் கவனிக்கும் பணியில் இருப்பவர்கள் எழுதுகிறோம். அடி விழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்வதைப் பற்றித்தான் இந்த மடல்.

பதிவேட்டில் ‘இரு மாணவர்களுக்குள் சண்டை’ என்று எழுதி இருவரையும் தண்டித்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களிடம் வராது. யார் அடித்தது, எதனால், எந்த இடத்தில், என்ன சொல்லி அடித்தார்கள் என்பதைப் பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். வலுக்கட்டாயமாக முடியை வெட்டியதும், உடையை உருவிப் பார்த்ததும் வன்முறைதான். விளையாட்டு என்று தள்ளாதீர்கள்.

கழுத்தை நெரித்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கச் சிரமப்படுவது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை அபாய அறிகுறிகள். இவை இல்லாவிட்டாலும், நெரித்தது உண்மையென்றால் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். தலையில் அடி என்றால் அன்று மைதானம் வேண்டாம். வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் வருகிறதா என்று 24 முதல் 48 மணி நேரம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலரும் தவறவிடுவது பைண்டரை. மார்பைத் தட்டையாக்க அணியும் இந்த இறுக்கமான உள்ளாடை, விலா எலும்பில் அடிபட்டவரை ஆழ்ந்து மூச்சிழுக்க விடாது, கன்றிய இடத்தையும் மறைத்துவிடும். கழற்றத்தான் வேண்டும். ஆனால் தனி அறையில், யார் உடனிருக்கலாம் என்று பிள்ளையையே கேட்டுவிட்டு. கையை உயர்த்த முடியாத வலி என்றால், சம்மதம் வாங்கி முன்பக்கமாகக் கத்தரித்துவிடுங்கள். உடனே போட்டுக்கொள்ளத் தளர்வான, தடித்த சட்டை ஒன்று தயாராக இருக்கட்டும்.

படம் எடுப்பதற்கும் சம்மதம் வேண்டும். காயம் உடலில் எங்கே என்று தெரியத் தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒன்று. கன்றல் பிறகுதான் கறுக்கும் என்பதால் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் எடுங்கள். கன்றலின் நிறத்தை வைத்து ‘இது பழைய காயம்’ என்று முடிவுகட்ட முடியாது. கிழிந்த உடையைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இந்தப் படங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது.

வீட்டுக்கு அழைக்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள்: வீட்டில் யாருக்குத் தெரியும்? அங்கே எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள்? காரணம் தெரிந்தால் என்ன நடக்கும்? காயத்தைப் பெற்றோரிடம் மறைக்கச் சொல்லவில்லை. ‘தலையில் அடிபட்டிருக்கிறது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்’ என்பது முழு உண்மை. பாலின அடையாளத்தைச் சொல்லும் உரிமை பிள்ளையுடையது. நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டால், இரண்டாவது அடி வீட்டில் விழலாம். வீட்டிலேயே அடிப்பார்கள் என்று பிள்ளை சொன்னால், முதல் அழைப்பு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகட்டும்.

கடைசியாக, கழிப்பறை. அங்கே அடிபட்ட பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிறுநீர்த் தொற்றுக்கும் அது வழிவிடும். அந்தப் பிள்ளையைத் தொலைவில் உள்ள வேறு கழிப்பறைக்கு அனுப்பினால் ஒதுக்கிவைத்ததாகிவிடும். இடைவேளைகளில் அந்த நடைவழியில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள். கதவுகளின் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.