பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்

கண்ணு,

கார் வந்து ஒன்பது நாள் ஆகிறது, 340 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். போனில் நீ கேட்டபோது "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டேன் என்று உனக்குக் கோபம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்ஜினிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழைய காரில் நான்கு சிலிண்டர், இதில் மூன்று. வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கில் கை வைத்தால் ஒரு சின்ன நடுக்கம் இருக்கிறது, முதல் நாள் ஏதோ கோளாறு என்றே நினைத்துவிட்டேன். நான்கு என்றால் முன்பாதியின் ஆட்டத்தைப் பின்பாதி அடக்கிவிடும், மூன்றில் அப்படி ஜோடி சேராது, அதனால் லேசாக ஆடத்தான் செய்யும் என்று அப்பா சொன்னார். ஓட ஆரம்பித்துவிட்டால் தெரியவில்லை. இரண்டாவது கியரில் ஏற்றம் ஏறும்போதுதான் கொஞ்சம் யோசித்துவிட்டு இழுக்கிறது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டாதே, நெடுநேரம் ஒரே வேகத்திலும் போகாதே என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள், ஆகவே இப்போதைக்கு அதைக் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் சிக்னலில் பண்ணிய வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். நியூட்ரலில் போட்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தேன், வண்டி செத்துப்போனது! பின்னால் நிற்பவர்களை நினைத்து எனக்கு வேர்த்துவிட்டது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கத் தானாக அணைகிறதாம், கிளட்சை மிதித்தால் உயிர் வந்துவிடுகிறது. அதை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது, என்றாலும் ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் மறுபடி அமுக்க வேண்டும்.

அப்புறம் இந்தக் கார் ஓயாமல் பேசுகிறது. பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்தால் அதற்கும் பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. இந்த வயதில் எனக்கு இண்டிகேட்டர் பழக்கம் வந்தது அதனால்தான், சிரிக்காதே. ஏசிக்குத் திருகு பட்டன்களையே விட்டுவைத்திருக்கிறார்கள், அது பெரிய நிம்மதி. திரையைத் தடவிக்கொண்டு ரோட்டைப் பார்க்க என்னால் ஆகாது.

வாங்கும் முன்னே ஓட்டிப் பார்த்தபோது ஓட்டுகிற சீட்டை விட்டு நான் இறங்கவே இல்லை. போன வாரம் ஒரு சாயங்காலம், என் சீட்டை எனக்கு வேண்டிய அளவிலேயே வைத்துவிட்டு, அதற்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன். பழைய காரைப் பதினாறு வருஷம் ஓட்டியும் ஒரு நாள்கூடப் பின்னால் உட்கார்ந்ததில்லை, உனக்கே தெரியும். இதில் முழங்காலுக்கு முன்னே நாலு விரல் இடம் இருக்கிறது. மொத்த நீளமே நாலு மீட்டருக்குக் குறைவு, எப்படி இவ்வளவு இடம் என்று கேட்டுத் தொலைத்தேன், அப்பா 1959-க்குப் போய்விட்டார். அந்த வருஷம் வந்த மினி காரில் அலெக் இசிகோனிஸ் என்பவர் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சக்கரங்களையே ஓட வைத்தாராம். என்ஜின் அடைக்கிற நீளம் குறைந்து உட்கார இடம் கூடிவிட்டதாம்; அந்தக் கார் மூன்று மீட்டர்தான், ஆனாலும் நாலு பேர் உட்காரலாம். இன்றைக்கும் சின்னக் கார்கள் பெரும்பாலும் அதே வழியில்தான் செய்யப்படுகின்றன.

கால் வைக்க இடம் இருக்கிறது, சரி. ஜன்னல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அழகுக்காகக் கதவின் விளிம்பைப் பின்பக்கமாக மேலே ஏற்றிக்கொண்டே போய்விட்டார்கள், எனக்கே தோள் வரை கதவு. சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் வானம் மட்டும்தான் தெரியும். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. "அம்மா, ஒன்னுமே தெரியல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாய், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சும்மா உட்காரு" என்பேன். அத்தனை ஊர் கூட்டிப்போனேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், நீ பார்த்ததெல்லாம் என் சீட்டின் முதுகுதான் போலிருக்கிறது.

மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்படுகிறது, குழந்தை சீட்டு மாட்டுகிற ஐசோஃபிக்ஸ். நான் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னேன்.

டிக்கி 300 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு லிட்டர் அளவுள்ள கட்டைகளை அடுக்கித்தான் அந்தக் கணக்கை எடுப்பார்களாம், ஆனால் உன் பெரிய சூட்கேஸ் கட்டை இல்லையே. படுக்க வைத்தால் மூட மாட்டேன் என்கிறது, பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடித்ததும் போய்விட்டது. ஸ்டெப்னி ஒல்லியானது, அதை மாட்டினால் 80-க்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. காசை அங்கேதான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

நீ வரும்போது நீதான் ஓட்டு. சீட்டை நான் கடைசி வரை ஏற்றி வைத்திருக்கிறேன், கதவுப் பக்கம் இருக்கிற பிடியை நாலைந்து தடவை அமுக்கினால் உனக்குத் தக்கபடி இறங்கிவிடும். கண்ணாடியையும் மாற்றிக்கொள். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா