31 நொடியில் நின்ற கடிகாரம்

கோயம்புத்தூர்,
ஆடி மாதம், 2025

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தினமும் போனில் பேசிக்கொள்கிற ரெண்டு பேருக்குக் கடிதம் எதற்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். போனில் மஞ்சள் விலையும், எந்த ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்பதும்தான் ஓடுகிறது. நீ நாலு பக்கம் எழுதினால்தான் உன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

முதலில் இங்கத்திய சேதி. ஆனிக் காற்றில் உன் கதலி சாய்ந்துபோனதை நினைத்தால் வயிறு எரிகிறது. முட்டுக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் யாரை நோவது. கணபதியில் பட்டறை ஏதோ ஓடுகிறது. வார்ப்பு விலை ஏறுகிறது, செம்புக் கம்பி விலை ஏறுகிறது, மோட்டார் விலையை நூறு ரூபாய் ஏற்றினால் மட்டும் கடைக்காரர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. மற்றபடி வாய் நன்றாகவே இருக்கிறது.

சரி, நம்ம சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனதைப் பற்றிய உன் வாதத்துக்கு வருகிறேன். "சுக்லா போனதைப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது, ஆனா ஷட்டில் போறப்ப வந்த படபடப்பு வரலை. வாரத்துக்கு ரெண்டு மூணு ராக்கெட் போகுது, பழகிப்போச்சு. பழகிப்போறதும் நல்லதுதானே" என்று எழுதியிருக்கிறாய். படபடப்பு எனக்கும் குறைந்துதான் போயிற்று. 2024ல் சுக்லாவைக் கொண்டுபோன அந்த ஃபால்கன் 9 வகை ராக்கெட் மட்டும் 130 தடவைக்கு மேல் போயிருக்கிறது, எதற்கென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. ஆனால் பழகிப்போவது நல்லது என்றாயே, அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நாம் சேர்ந்து பார்க்க ஆரம்பித்ததே அமெரிக்காவின் விண்வெளி ஓடம், அந்தக் கொலம்பியா ஷட்டில், சிதறிய பிறகுதான். 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை பொழுதோட, டெக்சாஸ் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு பல கோடாகப் பிரிவதை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். தரையிறங்க இன்னும் 16 நிமிடம்தான் இருந்தது. கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு பேர் போய்விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி கோபியிலிருந்து எஸ்டிடி போட்டு, "அடுத்தது எப்பப் போனாலும் ரெண்டு பேரும் பாக்கோணும்" என்றாய். ஏன் பார்க்க வேண்டும் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்தது போக இரண்டரை வருஷம் ஆயிற்று. 2005 ஜூலை 13 ராத்திரி நான் காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், நீ கோபியில் ஒன்றில். கடையைச் சாத்தாதீர்கள் என்று ரெண்டு பேரும் கெஞ்சிக்கொண்டிருந்தோம். பதினோரு மணி வாக்கில் நிறுத்திவிட்டார்கள். டேங்கில் ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கும் சென்சார் நாலு உண்டு, அதில் ஒன்று தப்புச் சொன்னது. மற்ற மூன்றும் சரி. இருந்தும் ஏறி உட்கார்ந்த ஆட்களை இறக்கிவிட்டார்கள். யாஹூ மெசஞ்சரில் நீ திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

ஜூலை 26 அன்று டிஸ்கவரி போனது. நம் ஊர் நேரம் ராத்திரி 8:09. படம் தீப்பெட்டி அளவு, அதுவும் நின்று நின்று வந்தது. உன் பக்கம் கொஞ்சம் முன்னால் ஓடியிருக்கிறது போல. "கெளம்பிருச்சு" என்று நீ தட்டினபோது என் திரையில் ஷட்டில் மேடையிலேயே புகை விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் மெசஞ்சரை மூடிவிட்டேன்.

மறுநாள்தானே விஷயம் தெரிந்தது. அந்தப் பெரிய ஆரஞ்சு டேங்கின் மேலிருந்த நுரைப்பூச்சு மறுபடியும் பெரிய துண்டாகப் பெயர்ந்திருக்கிறது. கொலம்பியாவின் இடது இறக்கையில் அடித்து ஓட்டை போட்டது அதே நுரைதான். அந்தத் துண்டு முக்கால் கிலோ சொச்சம் எடை. இரண்டரை வருஷம் சரிபார்த்த பிறகும் பெயர்ந்தது. இந்தத் தடவை இறக்கையில் படவில்லை. ஷட்டிலின் தலைவி ஐலீன் காலின்ஸ் விண்வெளி நிலையத்துக்குக் கீழே ஷட்டிலை மெதுவாகக் குட்டிக்கரணம் போட வைத்து வயிற்றைக் காட்டினார், நிலையத்தில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். வயிற்றில் வெப்பம் தாங்க ஒட்டியிருக்கும் ஓடுகளுக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்த ரெண்டு துண்டுகளை, கூடப் போன ராபின்சன் வெளியே போய்க் கையாலேயே பிடுங்கினார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தரையிறங்கும்வரை உனக்கும் எனக்கும் பேச வேறு விஷயமே இல்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நுரை பெயர்வது புதுசு இல்லை. ஆரம்பத்திலிருந்தே பெயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் திரும்பி வந்ததால், அது எப்பவும் இருக்கறதுதான் என்று விட்டுவிட்டார்கள். 1986ல் சேலஞ்சர் ஷட்டிலும் அதே கதை. பக்கத்தில் பூட்டியிருக்கும் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் அரிபட்டுத் திரும்பி வந்ததை முன்பே பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஜனவரி 28 காலையில் உறைகிற குளிர். பூஸ்டர் செய்த இன்ஜினியர்களே வேண்டாம் என்று முந்தின ராத்திரி மன்றாடினார்கள். அனுப்பினார்கள், 73 நொடியில் சிதறிப்போனது, அதிலும் ஏழு பேர். பிறகு விசாரணையில் இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஐஸ் தண்ணீர் டம்ளரில் அந்த ரப்பர் துண்டைக் கிளாம்ப் போட்டு முக்கி எடுத்து, அமுக்கினது திரும்ப எழவில்லை பாருங்கள் என்று காட்டினார். ஆயில் சீல் மாற்றிப் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

என் பட்டறைக்கு வருகிற மோட்டார்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகின்றன. "சத்தம் எப்பவும் வர்றதுதானுங்க, நேத்துத்தான் நின்னு போச்சு" என்பார்கள். அந்தச் சத்தம் பேரிங் சத்தம். ரெண்டு மாசம் முன்னால் வந்திருந்தால் சில நூறு ரூபாயில் முடியும். இப்போது ரோட்டர் உரசி வைண்டிங் கருகி, முழுசாகக் கட்ட வேண்டியிருக்கிறது. உன் கிணத்து மோட்டாரும் உறுமுகிறது என்று ரெண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். பழகிப்போச்சு என்று அதற்கும் சொல்லிவிடாதே.

அதனால்தான் 2011 ஜூலை 8 எனக்கு முக்கியம். ஷட்டிலின் கடைசிப் பயணம், அட்லாண்டிஸ், நாலே பேர். ஏதாவது ஆனால் போய்க் கூட்டிவர இன்னொரு ஷட்டில் இல்லை என்பதால் ஆள் குறைத்து அனுப்பினார்கள், ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் திருப்பிக் கொண்டுவரலாம் என்ற கணக்கு. அந்த வருஷம் இங்கே கரண்ட் இருந்த லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் இருட்டாகிவிட்டது. யுபிஎஸ் நாலு தடவை கத்திவிட்டு அணைந்தது. கொசுவர்த்தி வெளிச்சத்தில் உனக்குப் போன் போட்டேன்.

நீ கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தாய். "ரெண்டு நிமிசம் இருக்குது. டேங்கு மேல இருந்த தொப்பியத் தூக்கறாங்க. ஒரு நிமிசம். நாப்பது. முப்பத்தஞ்சு." அப்புறம் சத்தமே இல்லை. "என்னடா?" என்றேன். "முப்பத்தொண்ணுல நின்னுபோச்சு மாப்ளே." உன் பக்கத்தில் தங்கச்சி, "கரண்ட் இல்லாத ஊருக்கு ராக்கெட் ஒண்ணுதான் கொறைச்சல்" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது.

டேங்கின் உச்சியில் மூடி வைத்திருந்த அந்தத் தொப்பி, அதைத் தாங்கும் கை, முழுசாக விலகிப் பூட்டிக்கொண்டதா என்று கம்ப்யூட்டருக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் கடிகாரத்தை அதுவே நிறுத்திவிட்டது. அங்கிருந்தவர்கள் கேமராவைத் திருப்பி அந்தக் கையைக் கண்ணால் பார்த்து, விலகித்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார்கள். ரெண்டேகால் நிமிடம் தாமதம். முப்பது வருஷம், 134 பயணம் முடித்து, இதோடு கடையைச் சாத்தப்போகிறவர்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் "அது விலகியிருக்கும், விடு" என்று ஒருத்தரும் சொல்லவில்லை பார். ஷட்டில் காலத்திலேயே நான் கண்ட நல்ல காரியம் அந்த ரெண்டேகால் நிமிடம்தான். அந்தப் பாடத்துக்குப் பதினாலு உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு "ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றாய், "இன்ஜின் மூணும் புடிச்சிருச்சு" என்றாய், அதற்கப்புறம் நீ கத்தியதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. மறுநாள் படம் பார்த்தபோது நீ சொன்னதில் பாதி தப்பு என்று தெரிந்தது. கறுப்புப் புகை என்றாய், எங்கே இருந்தது கறுப்பு?

அந்த மூன்று இன்ஜின்களைப் பற்றி உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவையும் கேட்டுக்கொள். நான் செய்கிற 5 எச்பி மோனோபிளாக் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும். ஷட்டில் இன்ஜினில் ஹைட்ரஜனைத் தள்ளும் பம்ப் நாலடி நீளம்கூட இருக்காது. அது 35,000 சுற்று, 70,000 குதிரைத்திறனுக்கு மேல். ஒரே ஷாஃப்டில் ஒரு முனையில் டர்பைனைச் சுற்றும் அனல் வாயு, மறு முனையில் மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜன். நடுவில் சீல் போட்டவனுக்குக் கோயில் கட்டலாம். ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பம்பைக் கழற்றி வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஐம்பது தடவை போய் வரும், செலவு குறையும் என்று சொல்லி ஆரம்பித்த வண்டி, அதிகபட்சமாக 1985ல் ஒன்பது தடவை போனது. சிக்கன வண்டி என்ற கணக்கில் அது தோல்விதான், நீ சொன்னது சரி. பொறியாக அது தோல்வி என்று சொன்னால் மட்டும் பட்டறைப் பக்கம் வராதே.

அந்த இன்ஜின்களில் நாலைத்தான் 2022 நவம்பர் 16 அன்று நிலாவுக்குப் போன ஆர்ட்டெமிஸ் ராக்கெட்டில் பூட்டி அனுப்பினார்கள். ஏற்கெனவே பல தடவை வானத்துக்குப் போய் வந்த இன்ஜின்கள். எட்டு நிமிடம் எரிந்து முடித்ததும் ராக்கெட்டோடு கடலில் போய் விழுந்தன. திரும்பப் பயன்படுத்தவென்றே செய்ததைத் தூக்கிக் கடலில் போட எப்படித்தான் மனசு வந்ததோ. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புவாயா?

சுக்லா போன ஜூன் 25 பகல், 12:01க்கு நாம் இருவரும் போனில்தான் இருந்தோம். நீ தோப்பில் டவர் தேடி அலைந்தாய், நான் லேத் ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். நீ கவனித்தாயோ என்னவோ, அது கிளம்பினது ஃப்ளோரிடாவில் 39ஏ மேடை. அட்லாண்டிஸ் கடைசியாகக் கிளம்பினதும் அங்கேதான், 1981ல் முதல் ஷட்டில் கிளம்பினதும் அங்கேதான். அதற்கு முன் எத்தனை தடவை தள்ளிப்போட்டார்கள்! ராக்கெட்டில் ஆக்சிஜன் கசிவு, பிறகு நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் காற்றுக் கசிவு. "இவனுக போவாங்களா மாட்டாங்களா" என்று நீ சலித்துக்கொண்டாய். எனக்கு ஒவ்வொரு தள்ளிவைப்பும் நிம்மதியாகத்தான் இருந்தது. வாரத்துக்கு மூணு அனுப்புகிறவர்கள் ஒரு கசிவுக்காக நிற்கிறார்கள் என்றால் இன்னும் பழகிப்போகவில்லை என்று அர்த்தம்.

அவர் மேலே இருந்தபோது ஒரு விடிகாலை மேகம் விலகியிருந்தது. அம்மாவைக் கைப்பிடித்து மொட்டை மாடிக்கு ஏற்றினேன். நிலையம் கண் சிமிட்டாமல் வடக்குப் பக்கமாகப் போனது. "அதுக்குள்ள இருக்கற பையன் சோத்துக்கு என்ன கண்ணு பண்ணுவான்?" என்றாள். கேரட் அல்வா கொண்டுபோயிருக்கிறார் என்றேன். "அல்வாவத் தின்னா பசியாறுமா?" என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். வெந்தயமும் பாசிப்பயறும் அங்கே முளைக்கப் போட்டிருக்கிறார்கள் என்று காபி குடிக்கும்போது சொன்னேன். அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

இன்னொன்று. எத்தனையோ பார்த்தோம், ஒன்றைக்கூட நேரில் பார்க்கவில்லை. நம்ம பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர் மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்து சந்திரயான்-1ஐ அனுப்பின 2008லேயே போகலாம் என்றோம், அப்போது பொதுமக்களை உள்ளே விடவில்லை. 2019லிருந்து ஸ்ரீஹரிகோட்டாவில் உட்கார்ந்து பார்க்க இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். பேரை ஆன்லைனில் பதிய வேண்டும், அதைப் பையன் பார்த்துக்கொள்வான். ராத்திரி வண்டியில் நீ ஈரோட்டில் ஏறிக்கொள், சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டைக்கு மின்சார ரயில் இருக்கிறது. தங்கச்சியையும் கூட்டி வா. அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், உன் ஆதாரில் இருக்கிற படம் நீதான் என்று அவர்கள் நம்பினால் உன் அதிர்ஷ்டம்.

கிளம்பும் முன்னால் அந்தக் கிணத்து மோட்டாரைக் கழற்றி இங்கே அனுப்பி வை. கோபியிலிருந்து தேங்காய் ஏற்றி வருகிற வண்டி எதிலாவது போட்டுவிட்டால் போதும். கூலி வேண்டாம், பேரிங் காசு மட்டும் கொடு.

அன்புடன்,
உன் மாப்ளை