எங்கள் கரையில் இறங்கிய கையோடு போய்விடாதீர்கள்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எனக்குச் சினிமாவில் பெரிய ஞானம் கிடையாது. நல்ல படம் என்று நாலு பேர் சொன்னால் இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன், மற்றவை கைபேசியில்தான். குடும்பத்தோடு போய்வந்தால் ஒரு நாள் பிழைப்புக்கான பணம் போய்விடும். அதனால் பார்த்த படத்தை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

2025 மே முதல் தேதி ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வெளியானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில், ஆண்கள் வீட்டில். அப்படி ஒரு நாளில் நானும் அவரும் மகளும் போனோம். இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் ஒரு குடும்பம் படகில் வந்து இராமேஸ்வரம் கரையில் இறங்குகிறது. அந்தக் காட்சி வந்ததும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போலீஸ் பிடிக்கிறது, இரக்கப்பட்டு விட்டுவிடுகிறது. அடுத்து சென்னை. எங்கள் கரை அவ்வளவுதான்.

படம் எனக்கு மிகவும் பிடித்தது. காலனியில் ஒரு வயதான அம்மா இறந்துபோக, அந்தத் துக்க வீட்டுக்கு, படகில் வந்த குடும்பத்தின் தலைவர் தர்மதாஸ் ஒவ்வொருவராக ஆட்களைச் சேர்க்கிற இடத்தில் நான் அழுதேன். பேச்சும் காதுக்குச் சொந்தமாக இருந்தது. மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்த பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நான். அவர்கள் ‘கதைக்கிறது’ கேட்டு வளர்ந்த காது இது.

அதனால்தான் மனது கேட்கவில்லை. 2022 மார்ச்சில் இலங்கையில் விலைவாசி தாங்காமல் மக்கள் வரத் தொடங்கியபோது நடந்ததை நாங்கள் அறிவோம். படகோட்டி இருட்டில் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். கைக்குழந்தையோடு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல், யாராவது பார்த்துக் கூட்டிப்போகும்வரை அந்த மணலில் நிற்பார்கள். அந்தத் திட்டில் கழிகிற ஒரு பொழுது மட்டுமே ஒரு முழுப் படத்துக்குக் காணும். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ நகரத்துக் கதை, அது தன் வழியே போனதில் குற்றமில்லை. ஆனால் எந்தப் படம் வந்தாலும் எங்கள் கரை வாசலாகவே இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் உள்ளே வருவதில்லை.

உள்ளே வந்தால் என்ன எடுக்கலாம் என்று கேட்பீர்கள். அதற்கு முன் நான் பார்த்த வேறு சில படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி, ஒரே நாளில், ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் வந்தன. ‘வாழை’யில் அந்தச் சின்னப் பையன் தார் சுமந்து வலிக்கிற கழுத்தோடு நிற்கும்போது, மீன் கூடை சுமந்த என் தம்பிதான் தெரிந்தான். நெஞ்சை அறுத்த படம். இருந்தாலும் கடைசிப் பகுதியில் எனக்கு முன்னால் இசை அழுதுவிட்டது. அந்தப் பிள்ளையின் முகமே போதுமாக இருந்தது.

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே இல்லை. ஆட்டோ ஓடுகிற சத்தம், காற்று, சேவல். கதை நாயகி மீனா வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். வழியில் ஒரு மாடு குறுக்கே நிற்கிறது. அத்தனை ஆண்களாலும் நகர்த்த முடியவில்லை. ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் எங்கள் வீட்டில் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். முடிவு வந்தபோது மகளுக்குக் கோபம், “என்னம்மா இது, முடிக்காமலே விட்டுவிட்டார்கள்” என்று. எனக்கு அது சரியாகவே பட்டது. எங்கள் ஊரில் பல வீடுகளின் கதை இன்னும் முடியாமல்தான் கிடக்கிறது.

அடுத்தது ‘மெய்யழகன்’. பிறந்த ஊரை விட்டுப் போனவர் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். உரிமையோடு அத்தான் என்று கூப்பிடுகிறவனின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று கேட்டு அவர் உடைந்துபோகிறார். படம் வந்த சில நாட்களிலேயே 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள். நான் பார்த்தது வெட்டிய பிறகுதான். படம் நீளம், ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. பொறுமை இல்லாத ஜனங்களா நாங்கள்? எங்கள் படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலையில் கரை. நடுவில் இருக்கிற அந்த இரவை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் உட்கார்ந்தே கழிக்கிறாள். எங்களுக்கா மூன்று மணி நேரம் நீளம்?

அந்த இரவுக்குள்தான் நீங்கள் வர வேண்டும் என்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு அக்கா, மகனுக்குக் கஞ்சி ஊற்றிய தூக்குவாளியோடு இறங்குதளத்தில் நின்றார். அவன் போன படகு வரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் ஆள் பெயர் வராது, படகு நம்பர்தான் வரும். யாருடைய கைபேசியிலோ நம்பர் வந்தது. ஒருவர் சத்தமாகப் படித்தார். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அக்கா அழவில்லை. நம்பரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. பொழுது உச்சிக்கு வந்தபோது கஞ்சி புளித்து நாறியது. கொட்டிவிடலாம் என்று நான் வாங்கப் போனேன். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூன்று நாள் அந்தத் தூக்குவாளி கழுவாமல் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தது.

மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அப்போது அக்கா அழுதார், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நடப்பதை எடுக்க யாரும் இருப்பதில்லை. வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப்போனது என்று கேட்டு அலைவது, முன்பணம் கொடுத்தவருக்குப் பதில் சொல்வது, பையன் வந்தாலும் படகு வராது என்று தெரிந்துகொள்வது, சிறையிலிருந்து வந்தவன் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. சண்டையும் துப்பாக்கியும் இல்லாத இந்த நாட்களில்தான் எங்கள் வாழ்க்கை நடக்கிறது. 2012இல் வந்த ‘நீர்ப்பறவை’ கடலைப் பார்த்துக் காத்திருக்கும் ஒரு மனைவியின் முகத்தைக் காட்டியது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஆகிவிட்டது!

காத்திருப்பு ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்கப் போவதை வந்து பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகச் சுற்றிய துணி, மூச்சைப் பிடித்து ஒரு முழுக்கு. மேலே வந்ததும் ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்து சிரிப்பார்கள். வேலை முடிந்து துணியை அவிழ்த்தால் விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அதே கையால்தான் பிள்ளைக்கு ஊட்டுவார்கள். இவர்களை நடுவில் வைத்து ஒரு கதை எழுதுங்கள். உள்ளூர்ப் பெண்களையும் நடிக்க வையுங்கள். பேச்சைத் தூத்துக்குடிப் பேச்சாகவோ மதுரைப் பேச்சாகவோ மாற்றாதீர்கள். கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்கு எங்களிடம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. அவை படத்தில் ஒலிக்கட்டும். புரியாதே என்று பயப்பட வேண்டாம். ஈழத் தமிழ் புரிந்துகொண்ட ஜனங்களுக்கு இதுவும் புரியும்.

அப்படி ஒரு படம் எடுத்தால், பிறகு யார் சொன்னாலும் 18 நிமிடத்தை வெட்டாதீர்கள்.

கதை கேட்க வருவதாக இருந்தால் தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் கடைசியில் வலை கட்டிக்கொண்டிருப்பார்கள், நாள் முழுக்கப் பேச ஆள் இருக்கும். ஆனால் இன்னொரு தடவையும் வர வேண்டும். தடை முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை வந்து, இரவு தங்கி, ஞாயிறு விடியற்காலையில் எங்களோடு இறங்குதளத்தில் நில்லுங்கள். கேமரா அன்றைக்கு வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பையன் திரும்பி வந்துவிட்டான், இப்போது வேறு படகில் போகிறான். அவர் பேசுவார்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு ரசிகை