பூட்டிய பள்ளிக்குள் உழைத்தவர்களுக்கும் அவர்களுக்குச் சம்பளம் போட்டவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்றது. அடுத்த சில வாரங்களில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிக் கதவுகள் அடைபட்டன; ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. மாணவர்களைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசியது. ஆசிரியர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசியது. பெருக்குகிறவர், வண்டி ஓட்டுகிறவர், இரவுக் காவல் இருக்கிறவர், சமையற்கட்டில் நிற்கிறவர், கணக்கு எழுதுகிறவர் பெயரெல்லாம் அந்தப் பேச்சில் அடிபடவே இல்லை. இந்த மடல் அவர்களுக்கும், அவர்களுடைய சம்பளம் நிற்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கும். பள்ளிப் பணியாளர்களின் ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் கவனிப்பதே எங்கள் வேலை என்பதால், பொத்தாம்பொதுவாக வாழ்த்திவிட்டுப் போக மனம் வரவில்லை. எந்தக் காரியத்துக்கு நன்றி என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சம்பளப் பட்டியல் போட்ட எழுத்தர்களுக்கு. மாதச் சம்பளக்காரருக்குப் பட்டியல் போடுவது பெரிய காரியமில்லை. போன மாதத் தொகையை இந்த மாதமும் போட்டால் முடிந்தது. சிக்கலெல்லாம் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடைக்கணக்கிலும் கூலி வாங்குகிறவர்களிடம்தான் வந்தது. பள்ளி மூடியிருந்தால் வருகைப் பதிவேட்டில் அவர்கள் கட்டம் காலி. கட்டம் காலியென்றால் சம்பளம் பூஜ்யம். இதைத் தவிர்க்க நீங்கள் கையாண்ட வழி சராசரிக் கணக்கு. மூடுவதற்கு முந்தைய 12 வாரங்களில் ஒருவர் மொத்தம் 240 மணி நேரம் வேலை செய்திருந்தால், வாரத்துக்கு 20 மணி என்று வைத்துச் சம்பளம் போட்டீர்கள். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் அந்த 12 வாரத்துக்குள் இரண்டு வாரம் தேர்வு விடுமுறை விழுந்திருந்து, அதையும் சேர்த்து வகுத்துவிட்டால் என்ன ஆகும்? பத்து வாரத்தில் 240 மணி உழைத்தவருக்கு உண்மையான சராசரி 24. பட்டியலில் ஏறுவதோ 20. வாரம் 4 மணி நேரக் கூலி சத்தமில்லாமல் போய்விடும். விடுமுறை வாரங்களைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் வேலை நடந்த வாரங்களை எடுத்துக் கணக்கை நிரப்பியவர்களுக்குத் தனி வணக்கம்.

14 நாள் தனிமைப்படுத்தலுக்கென்று விடுப்புப் பட்டியலில் தனிக் குறியீடு சேர்த்தவர்களையும் மறக்க முடியாது. அந்தக் குறியீடு இல்லாத மென்பொருளுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, அந்த 14 நாளையும் மருத்துவ விடுப்புக் கணக்கில் கழித்துவிடும். இருப்பில் விடுப்பு இல்லையென்றால் ‘வரவில்லை’ என்று பதிந்து சம்பளத்தைப் பிடித்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. அந்த மாதப் பணத்தோடு அது நிற்பதில்லை. பணித்தொடர்ச்சி முறிந்ததாகப் பதிவாகி, பணிக்கொடையையும் ஓய்வூதியத்தையும் பல வருடம் கழித்து வந்து கடிக்கும். நிலுவையைக் கொடுத்தபோது எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியதும் நல்ல காரியம். ஆறு மாத நிலுவை ஒரே மாதத்தில் மொத்தமாக ஏறினால், அந்த மாத வரிப் பிடித்தம் எகிறிவிடும். கைக்கு வருகிற தொகையைப் பார்த்து ஆள் மிரண்டுபோவார்.

ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்த தூய்மைப் பணியாளர்கள், காவலர்கள் விஷயம் இன்னும் சிடுக்கானது. பள்ளி ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்துவிடும். அது வேலை செய்தவரின் கைக்குப் போனதா என்று கேட்க ஆள் இருக்காது. சில நிர்வாகிகள் கேட்டார்கள். போன மாதச் சம்பளம் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறியதற்கான வங்கிப் பட்டியலைப் பார்த்த பிறகே இந்த மாத பில்லில் கையெழுத்து என்று நின்றார்கள். பட்டியலில் உள்ள பெயர்களைக் காவல் அறைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தார்கள். இது ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் இல்லை, அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கியதற்குத்தான் நன்றி.

தூய்மைப் பணியாளர்களே, உங்களிடம் நன்றியோடு கொஞ்சம் வருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வருடம் கைப்பிடி, மேசை, சுவிட்ச், குழாய் என்று ஒரு நாளைக்குப் பல முறை துடைத்தீர்கள். 5 சதவீத ப்ளீச் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல். அதைப் பிளாஸ்டிக் வாளியில் அன்றன்றைக்குக் கலந்து, முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு தடவிக் குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாக விட்டீர்கள். அழுக்கின் மேலேயே ப்ளீச்சை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும். நேற்றுக் கலந்ததை வெயிலில் வைத்துவிட்டு இன்று எடுத்தால் பலன் குறைந்திருக்கும். கழிப்பறை ஆசிட்டை இதனோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஜன்னலில்லாத கழிப்பறைகளில் இது உயிர் விஷயம். இதையெல்லாம் வகுப்பு எடுத்து யாரும் சொல்லித்தராத இடங்களில், ஒருவருக்கொருவர் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள்.

வருத்தம் என்னவென்றால், தொட்ட பொருள் வழியாகப் பரவுவது குறைவு, காற்றே முக்கிய வழி என்று பின்னால் தெளிவானது. மேசையைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000க்கு ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் எழுதியது. அதற்குப் பிறகும் பல பள்ளிகளில் துடைக்கும் அட்டவணை மாறவில்லை. உங்கள் கைத்தோல் வெடித்தது. ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன.

ஆகவே, ஜன்னலைத் திறந்தவர்களுக்கு அடுத்த நன்றி. கரியமில வாயு அளவியை வகுப்பறையில் வைத்து, எண் 800 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 800 பங்கை) தாண்டினால் கதவைத் திற என்று ஒரு சீட்டு ஒட்டினீர்கள். வெளிக்காற்றிலேயே 420 அளவில் இருக்கும் என்பதால், அதற்கு மேலே ஏறுவதெல்லாம் அறைக்குள் இருப்பவர்கள் விட்ட மூச்சு. 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 189 கனமீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஐந்து முறை அது மாற வேண்டுமென்றால் 945 கனமீட்டர் சுத்தமான காற்று வேண்டும். ஜன்னல் போதாத அறைகளுக்கு, ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்டாலும் 2020இல் முன்வைத்த, காற்றை வடிகட்டும் பெட்டியைப் பராமரிப்புப் பணியாளர்கள் செய்துவைத்தார்கள்: 20 அங்குல மெர்வ்-13 (நுண்துகளையும் பிடிக்கும் தரம்) வடிகட்டி நான்கு, அதே அளவு பெட்டி விசிறி ஒன்று, அடிக்கு ஓர் அட்டை, ஒட்ட டேப். வடிகட்டியில் உள்ள அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். விசிறி காற்றை மேலே தள்ள வேண்டும். அநேகமாகத் தவறு நடப்பது இரண்டு இடத்தில். மூலைகளில் டேப் சரியாக ஒட்டாவிட்டால் காற்று வடிகட்டி வழியே வராமல் இடுக்கில் புகுந்துவிடும். விசிறியின் நான்கு மூலைகளையும் அட்டை வளையம் வைத்து மூடாவிட்டால் வெளியே போன காற்று அங்கேயே திரும்பி இறங்கும். சத்தம் அதிகம் என்று ஆசிரியர்கள் அணைத்துவிடுவதும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல முடியாது. முகக்கவசத்தோடு அந்தச் சத்தத்துக்கு மேலே பேசித் தொண்டை கட்டியவர்கள் அவர்கள்.

ஓட்டுநர்களே, மாதக்கணக்கில் நின்ற பேருந்துகளுக்கு உயிர் கொடுத்தீர்கள். மின்கலம் இறங்கிப்போகாமல் அவ்வப்போது இயக்கினீர்கள். டயர் ஒரே பக்கம் அழுந்தாமல் கொஞ்சம் நகர்த்தி வைத்தீர்கள். எலி கடித்த வயரைத் தேடினீர்கள். இந்த நாள்களுக்கு நடைக்கணக்கு இல்லையென்று கூலியும் இல்லாமல் போனவர்கள் பலர். நீர்க்குழாய் பார்த்தவர்கள் பள்ளி திறப்பதற்கு முன் ஒவ்வொரு குழாயையும் திறந்து தேங்கிய தண்ணீரை ஓடவிட்டார்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். அதை நினைவில் வைத்திருந்தது இவர்கள்தான்.

ஆய்வக உதவியாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 10 லிட்டர் கைத் தேய்ப்பான் (சானிடைசர்) தயாரித்தார்கள்: 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி, மீதி கொதித்து ஆறிய நீர். 72 மணி நேரம் மூடி வைத்த பிறகே வெளியே கொடுத்தார்கள். கலவையிலோ புட்டியிலோ இருக்கும் பாக்டீரியா வித்துகளைப் பெராக்சைடு அழிக்க அந்த நேரம் வேண்டும். அவசரம் என்று யார் கேட்டும் கொடுக்காத அந்தப் பிடிவாதத்துக்குக் கும்பிடு.

கடைசியாக, சங்கங்களில் உட்கார்ந்து சட்டம் பேசியவர்களுக்கு. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு தொழிலாளி மேல் விழக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கையில், 21ஆம் பிரிவில் 1981 முதல் இருக்கிறது. முகக்கவசப் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்காதே என்று சொல்ல உங்களுக்கு அந்த ஒரு வரி கைகொடுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதி விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லும் 13ஆம் பிரிவை நோட்டீஸ் பலகையில் ஒட்டியவர்களும் நீங்கள்தான். அந்த உடன்படிக்கையை ஏற்காத நாடுகளில் இது வெறும் வாதமாகத்தான் இருந்திருக்கும். இருந்தும் பேசினீர்கள்.

நன்றியுடன்,
பள்ளிப் பணியாளர் ஊதியம், பணிப் பாதுகாப்பு கவனிப்போர்

பின்குறிப்பு: அந்த மாதங்களுக்கான நிலுவை இன்னும் வராதவர்கள் வருகைப் பதிவேட்டின் நகல், மூடுவதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சீட்டு, தனிமைப்படுத்தல் சான்று மூன்றையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் மாதவாரியாக எழுதுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் ‘விவரம் இல்லை’ என்று திரும்பி வரும். கொடுத்த தேதிக்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள். உரிமைகோரும் காலக்கெடுவை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள் என்று நினைத்துவிடாமல், உங்கள் சட்டத்தில் அது எப்போது தொடங்குகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.