வேலியைக் கழற்றி வழிவிட்ட கீழ்வீட்டாருக்கும் துணைநின்ற அனைவருக்கும் நன்றி

அன்புடைய அயலவர்களுக்கும் ஊரவர்களுக்கும்,

எங்கள் வீட்டுத் தரை நேற்றுத்தான் காய்ந்தது. பிளீச்சிங் தூளின் வாடை இன்னும் அறைகளை விட்டுப் போகவில்லை. கழுவியெடுத்த துணிகள் மழைக்கு ஒதுங்கி அடுப்படியிலேயே தொங்குகின்றன. என்றாலும் இந்த மடலை எழுதுவதைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. ஆடி மாத மழையில் எங்கள் மலசலகூடக் குழாய் அடைபட்டு, கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்ததையும், அது கீழே வழிந்து ஓடியதையும் இங்கே மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. டிக்கோயாவில் எங்கள் சரிவில் குடியிருக்கும் எவரும் அந்த இரவில் அதை அறியாமல் உறங்கியிருக்க முடியாது. அந்த அவலத்தின் நடுவே எங்களுக்குக் கிடைத்த உதவிகளைப் பற்றி, அவற்றிலும் முதலாவதாகக் கீழ்வீட்டு அண்ணனும் அக்காவும் செய்ததைப் பற்றி எழுதவே வந்தேன். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் உறவு முறையைச் சொல்லியே எழுதுகிறேன்.

இந்தச் சரிவில் ஒரு வீட்டின் முற்றம் அடுத்த வீட்டின் கூரைக்குச் சமமான உயரத்தில் இருக்கிறது. மேலே சிந்துவது எதுவாயினும் கீழேதான் போய்ச் சேரும். எங்கள் வீட்டிலிருந்து வழிந்த கழிவு போய்த் தேங்கிய இடம், அண்ணன் பாடுபட்டு வளர்த்த லீக்ஸ் பாத்தி. பிடுங்கிச் சந்தைக்கு அனுப்பச் சில வாரங்களே இருந்த பயிர் அது. அதை நம்பித்தான் பிள்ளைகளின் பாடசாலைச் செலவைப் பார்க்கிறார். அவர் மேலே வந்து எங்களைத் திட்டியிருந்தால் ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டோர்ச் வெளிச்சம் படியேறி வருவதைக் கண்டபோது நாங்களும் அதற்கே ஆயத்தமாகி நின்றோம். அவர் பாத்தியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், “அம்மா எங்க?” என்றுதான் முதலில் கேட்டார்.

எங்கள் அம்மா எழுபது வயதைக் கடந்தவர். சீனி வருத்தத்தால் இரவில் அடிக்கடி எழும்ப வேண்டியவர். முழங்கால் வலியால் கைத்தடியின்றி நடக்க இயலாதவர். மலசலகூடத்தைப் பயன்படுத்த முடியாது என்று தெரிந்த உடனே அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணனுக்குப் பின்னால் வந்த அக்கா கொண்டுவந்த தேத்தண்ணீரையும், தாகமில்லை என்று சொல்லித் தள்ளி வைத்தார். நாங்கள் எல்லோரும் தண்ணீரை வாரி இறைப்பதிலும் சாமான்களைத் தூக்கி வைப்பதிலும் இருந்த வேளையில், அந்தக் கோப்பை தொடப்படாமல் ஆறிப்போவதைக் கவனித்தவர் அக்காதான். அவரும் பல வருடங்கள் கொழுந்து பறித்தவர். மலையில் நிற்கும் ஒரு பெண் ஏன் தண்ணீர் வேண்டாம் என்பாள் என்பதை அவருக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர் அண்ணனிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அண்ணன் மறுபேச்சின்றிக் கீழே இறங்கிப் போனார்.

எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போக, முதலில் மேல் வீதிக்கு ஏறி, வளைவைச் சுற்றி, பாசி பிடித்த படிகளில் இறங்க வேண்டும். மழை நாளில் இளவயதினரே சறுக்கி விழும் பாதை அது. ஆனால் நேரே பார்த்தால் இரண்டு வீடுகளுக்கும் நடுவே நிற்பது ஒரு தகர வேலியும் ஆளுயரம் கூட இல்லாத ஒரு மண்திட்டும் மட்டுமே. அண்ணன் குறடும் சுத்தியலும் எடுத்து வந்து, கொட்டும் மழையில் நின்று, தம் கையால் அடித்த அந்த வேலியிலிருந்து இரண்டு தகரங்களைக் கழற்றினார். பிறகு மண்வெட்டியால் திட்டில் படி வெட்டி, பலகைத் துண்டுகளைப் பதித்து, கால் வழுக்காதிருக்க அவற்றின் மேல் சாக்கு விரித்து, பிடித்து இறங்குவதற்கு ஒரு கயிற்றையும் கட்டினார். அந்த வழி போய் முடிந்த இடம் அவர்கள் வீட்டு மலசலகூட வாசல். அக்கா அங்கே விளக்கைப் போட்டு, கதவுக்கு அருகில் ஒரு வாளி சுடுநீரை மூடி வைத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்: “சாமத்துல எங்கள கூப்பிடணும்னு இல்லம்மா. லைட்டு எரியும், கதவு தெறந்தே இருக்கும்.”

அதன் பிறகுதான் அம்மா தேத்தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உணவு கொடுப்பவர்களும் படுக்க இடம் கொடுப்பவர்களும் நம் ஊரில் குறைவில்லை. எங்கள் வீட்டுக்கும் அன்று ரொட்டியும் சம்பலும் பல கைகளிலிருந்து வந்தன. ஆனால் வயதான ஒரு பெண் நள்ளிரவில் மற்றொரு வீட்டுக் கதவைத் தட்டி, தனக்கு எது தேவை என்று வாய் திறந்து கேட்பதைவிட, விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பதையே தெரிந்தெடுப்பாள். அந்தக் கேட்கும் வேதனையையே அக்கா இல்லாமற் செய்துவிட்டார். அம்மா பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்கான வரிசை வீடுகளில். ஒரு வரிசைக் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவாக இருந்த கழிவறைகளுக்கு, காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் முன் இருட்டோடு இருட்டாகச் சென்று வந்ததையும், பகல் முழுவதும் மலையில் ஒதுங்க இடமின்றி வாயைக் கட்டிக்கொண்டு நின்றதையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவர் முதலில் பார்த்து மகிழ்ந்தது, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய அந்தச் சிறிய அறையைத்தான். அதை ஒரே இரவில் இழந்து நின்ற அம்மாவுக்கு என்ன தேவை என்பதை, தம் பயிரை அந்த நேரமே இழந்து நின்ற இரண்டு பேர் முதலில் நினைத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த வேலித் திறப்பு மறுநாளும் உதவியது. பிரதேச சபையின் கழிவகற்றும் பவுசர் வழக்கம்போல் மேல் வீதியில் வந்து நின்றபோது, சாரதி எங்கள் மலக்குழியின் ஆழத்தையும் சரிவையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பவுசரின் பம்பி வெற்றிடத்தால் உறிஞ்சுகிறது. காற்றழுத்தம் தூக்கிக் கொடுக்கக்கூடிய உயரம், தெளிந்த நீருக்கே ஏறத்தாழ 10 மீற்றர்தான். தடித்த கழிவுக்கு அதிலும் குறைவு. கீழ் வீதியில் வண்டியை நிறுத்தினால் கழிவு தானாகவே இறங்கி வரும் என்று அவரே யோசனை சொன்னார். அதற்குக் கீழ்வீட்டு முற்றம் வழியாகக் குழாயை இழுத்தாக வேண்டும். அண்ணன் ஒரு நொடியும் தயங்காமல் முற்றத்தில் கிடந்த விறகையும் கோழிக்கூட்டையும் நகர்த்தி இடம் விட்டார். கோயில் இளைஞர்கள் குழாய்த் துண்டுகளைத் தோளில் சுமந்து வந்து பொருத்திக் கொடுத்தார்கள். சாரதிக்கும் அவருடன் வந்த தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றியைச் சொல்ல வார்த்தை போதாது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிற ஊர் அவர்களை நிமிர்ந்து பார்த்து ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.

குழாய் வேலை செய்யும் பாஸ் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொமட்டில் ஊற்றிய தண்ணீர் குளியலறைத் தரையின் வடிகால் வாயில் குமிழியிட்டு எழுவதைக் கண்டதுமே, அடைப்பு எல்லாம் வந்து சேரும் பிரதான குழாயில் என்று அவர் கண்டுகொண்டார். வீட்டிலேயே தாழ்ந்த வாய் அதுவாகையால் கழிவு அங்கேதான் முதலில் தலைகாட்டும் என்று விளக்கி, அடுத்த கணமே வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடச் சொன்னார். நல்லெண்ணத்துடன் ஒருவர் கொண்டுவந்த அசிட் போத்தலைத் திறக்கவும் அவர் விடவில்லை. அடைப்பு எடுபடாவிட்டால் அந்த அசிட் குழாயிலேயே நின்று, பிறகு திறப்பவர் முகத்தில் தெறிக்கும். பிளீச்சிங் தூளுடன் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும்பும்.

அன்று ஓர் உயிரும் போகாமலிருந்ததற்கு அவருடைய பிடிவாதமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குழியின் மூடியைத் திறந்தவுடன், அவருடன் வந்த இளைஞன் உள்ளே இறங்கிக் கையால் எடுத்துவிடலாம் என்றான். பாஸ் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அத்தகைய குழிகளில் மீதேனும் ஐதரசன் சல்பைட்டும் சேர்ந்திருக்கும். ஐதரசன் சல்பைட்டு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகும்போது மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடுவதால், ஆபத்து நீங்கியதென்று எண்ணி இறங்குபவர் சில மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவருக்கும் அதே கதிதான். மூடியை நெடுநேரம் திறந்து போட்டு, அருகில் எவரையும் நெருப்புக் குச்சி கிழிக்க விடாமல், வெளியில் நின்றபடியே நீண்ட கம்பிகளை ஒன்றோடொன்று பொருத்தி உள்ளே செலுத்தி அவர் அடைப்பை எடுத்தார். வெளியே வந்தது பேரிக்காய் மரத்தின் வேர். பழைய மண் குழாயின் இணைப்பு வழியே புகுந்து, வலைபோல் பின்னிக்கொண்டு, ஓடிவந்த அனைத்தையும் பிடித்து வைத்திருந்தது. வீடு கட்டப்பட்ட காலத்திலேயே எவரோ கூரைத் தண்ணீரையும் அதே குழாயில் இணைத்துவிட்டிருந்ததால், இந்தப் பருவ மழை முழுவதும் அதற்குள்தான் இறங்கியிருக்கிறது. அந்த இணைப்பை அவர் அன்றே வெட்டிவிட்டார்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா அழைத்த உடனே வந்து, கீழே உள்ள வீடுகள் ஒவ்வொன்றுக்கும் நேரில் சென்று, மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கும்படியும், கழிவு பட்ட மரக்கறியைப் பிடுங்கி அழிக்கும்படியும் சொன்னார். 2007 இல் கம்பளையில் செங்கமாரி என்னும் மஞ்சள் காமாலை பரவியதை நினைவுபடுத்தி அவர் சொன்ன ஒன்றை இங்கே திரும்பச் சொல்வது என் கடமை. அந்த ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலில் புகுந்து 15 முதல் 50 நாட்கள் கழித்தே நோயாக வெளிப்படக்கூடும். ஆகவே பீலியைப் பயன்படுத்தும் குடும்பங்களில் எவருக்கேனும் காய்ச்சலோ, வாந்தியோ, கண்ணில் மஞ்சளோ கண்டால், வெட்கமோ சங்கடமோ பாராமல் உடனே வைத்தியசாலைக்குப் போய்விட்டு எங்களுக்கும் தெரிவியுங்கள். வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவு எங்களுடையது.

இரவில் கடையைத் திறந்து குழாயும் கையுறையும் கடனாகத் தந்த ஹாட்வெயார் முதலாளிக்கும், காசு வாங்க மறுத்த முச்சக்கர வண்டித் தம்பிக்கும், நனைந்த துணிகளைப் பகிர்ந்தெடுத்துச் சென்று துவைத்துத் தந்த அக்காமார்களுக்கும், எங்கள் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் படுக்க வைத்து மறுநாள் பாடசாலைக்கும் அனுப்பிய மேல்வீட்டாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. எவருடைய உதவியேனும் இங்கே விடுபட்டிருந்தால் நேரில் வந்து சொல்வேன்.

இனிச் செய்யப்போவதையும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன். மண் குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு, அம்மா நட்ட அந்த மரத்தை வெட்டாமல் அதற்கு எட்டத்தில் பிவிசி குழாய் பதிக்கப் போகிறோம். திருப்பங்கள் ஒவ்வொன்றிலும் திறந்து பார்க்கக்கூடிய மூடி வைக்கப்படும். குழி நிரம்பி வழியும்வரை காத்திராமல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பவுசரை அழைப்போம். நம் தோட்டப்பகுதித் தனி வீட்டுத் திட்டங்களில் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது 7 பேர்ச்சஸ் அளவான சிறு காணிதான். அதற்குள்ளேயே வீடும் குழியும் அமைந்து, எல்லைக்கு அப்பால் அடுத்தவரின் கிணறோ பாத்தியோ இருக்கும்போது, என் குழியின் பராமரிப்பு என் வீட்டு விவகாரம் மட்டும்தான் என்று இனி ஒருபோதும் நான் சொல்ல மாட்டேன். அடைப்பு எடுக்கும் கம்பிகளில் ஒரு தொகுதி வாங்கியிருக்கிறோம். அது கோயில் மடத்தில் இருக்கும். எந்த வேளையிலும் எவரும் எடுத்துச் செல்லலாம். கழுவித் திருப்பி வைத்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், கீழ்வீட்டு அண்ணனுக்கு. பிடுங்கி அழிக்க வேண்டியிருந்த லீக்ஸுக்கு நாங்கள் கொண்டுவந்த பணத்தை நீங்கள் வாங்க மறுத்துவிட்டீர்கள். மழை செய்ததற்கு மனிதரிடம் காசு வாங்குவதா என்றீர்கள். சரி, பணம் வேண்டாம். அந்தப் பாத்தி மண்ணைச் சுண்ணாம்பு போட்டுப் புரட்டி ஆறவிடுவதற்கான கூலியும், அடுத்த பயிருக்கான நாற்றும் பசளையும் எங்கள் பொறுப்பு. நடவு நாளன்று நாங்கள் குடும்பமாக இறங்கி வந்து உங்களுடன் நின்று நடுவோம். இதையும் மறுத்துவிடாதீர்கள் என்று இத்தனை பேர் முன்னிலையில் உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
மேல்வீட்டு அம்மாவின் மகளும் குடும்பத்தினரும்