முல்லரைத் தோற்கடித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் தம் தாயாருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதிய கட்டுரைதான். ஆனால் 1860-இல் ஆக்ஸ்போர்டின் போடன் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவி அவருக்குக் கைநழுவியதற்குச் சக பேராசிரியர்களின் பொறாமையே காரணம் என்று அதில் வருகிறது. அந்தப் பதவிக்கு ஆள் எடுத்தது பேராசிரியர்கள் அல்லவே.

தேர்ந்தெடுக்கும் உரிமை கான்வகேஷன் என்ற பேரவையிடம் இருந்தது. ஆக்ஸ்போர்டில் எம்.ஏ. பட்டம் பெற்று, கல்லூரிப் பதிவேட்டில் பெயரை விட்டுவிடாமல் வைத்திருந்தவர் எவரும் அதில் உறுப்பினர். வாக்குரிமை பெற்றிருந்த 3,700-க்கும் மேற்பட்டவர்களில் ஆக்ஸ்போர்டிலேயே தங்கிப் பாடம் சொன்னவர்கள் சிறு பகுதிதான். வெளியூர்க்காரர்களில் கிராமத்துப் பாதிரிமார் ஏராளம். சமஸ்கிருத எழுத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். வாக்கை நேரில் வந்துதான் போட வேண்டும். டிசம்பர் 7 அன்று அவர்களை அழைத்துவரத் தனி ரயில்களே விடப்பட்டன. எதிர்த்துப் போட்டியிட்ட மோனியர் வில்லியம்ஸுக்கு 833 வாக்கு, முல்லருக்கு 610. முதல் போடன் பேராசிரியர் ஹோரஸ் வில்சன் 1832-இல் வென்றபோது கணக்கு 207-க்கு 200தான். ரயிலும் நாளிதழ் விளம்பரமும் வந்தபின் ஒரு பேராசிரியர் தேர்வு எவ்வளவு பெரிய தேர்தலாகிவிட்டது என்பதற்கு இந்த எண்களே போதும்.

பாதிரிமாருக்கு இதில் என்ன அக்கறை? பம்பாய்ப் படையில் இருந்த கர்னல் போடன், இந்தியர்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவர ஆங்கிலேயருக்கு உதவ வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவைத்து இந்தப் பதவிக்குப் பணம் கொடுத்திருந்தார். 1857 கலகம் நடந்து மூன்றே ஆண்டு. முல்லரோ ஜெர்மானியர், அந்நாட்டுத் தாராள இறையியலின் வாடை அடிப்பவர் என்ற பேச்சு வேறு. வில்லியம்ஸ் பம்பாயில் பிறந்து, இங்கிலாந்தின் ஹெய்லிபரியில் இருந்த கல்லூரியில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளாகப் போகிறவர்களுக்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர். அதற்காக இதை மதச்சண்டை என்றும் முடித்துவிட முடியாது. மதப் பழைமைவாதத்தில் யாருக்கும் சளைக்காத ஆக்ஸ்போர்டுப் பாதிரியார் புசி, முல்லரைத்தான் ஆதரித்தார்.

இதையெல்லாம் ஜெர்மனியில் இருக்கும் தாய்க்கு ஒரு மகன் விளக்கி எழுதிக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே வீட்டுக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு பல்கலைக்கழக அரசியலை எழுதப் புகுந்தால் ஏமாற்றந்தான். போதாததற்கு, இன்று நாம் படிப்பது அவர் எழுதியபடி இல்லை. தாயாருக்கு ஜெர்மனில் எழுதியவற்றை மனைவி ஜார்ஜினா தாமே தேர்ந்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, 1902-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். கணவர் இறந்து இரண்டு ஆண்டில் ஒரு மனைவி செய்த தொகுப்பு அது. எதைச் சேர்த்தார் என்பதோடு எதை விட்டார் என்பதும் முக்கியம். முல்லரின் தாள்கள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. ஒத்துப் பார்க்க விரும்புவோர் அங்கேதான் போக வேண்டும்.

சிறு பிழைகள் இரண்டு. முல்லர் 1858-இல் ஃபெலோவாக, அதாவது கல்லூரியின் அறிஞர் குழு உறுப்பினராக, தேர்வான ஆல் சோல்ஸ் கல்லூரியில் இளநிலை மாணவர் அநேகமாகக் கிடையாது. 'மாணவர் சூழ விடுதியில் வாழ்ந்தார்' என்ற வரி அதற்குப் பொருந்தாது. ஆக்ஸ்போர்டில் கல்வியாண்டு அக்டோபரில் மிக்கேல்மஸ் என்னும் முதல் பருவத்தோடு தொடங்கும். டிசம்பர் 1860, ஜனவரி 1861 கடிதங்கள் ஒரே கல்வியாண்டைச் சேர்ந்தவை. கட்டுரையின் காலவரிசை அவற்றை இரண்டாக வெட்டிவிட்டது.

தோற்றவருக்காக 1868-இல் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் பதவியைப் பல்கலைக்கழகமே புதிதாக உருவாக்கியது. பொறாமை பிடித்த சகாக்கள் செய்யும் காரியமா இது?

அடுத்த பகுதியில் 1870 பிரெஞ்சு-ஜெர்மன் போர்க்காலக் கடிதங்களை எடுத்துக்கொள்வதானால், ஜெர்மனிக்காக வாதாடி அவர் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதியவற்றையும் கட்டுரையாளர் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி