சோறும் சிரட்டையும் ஒரே பையில் வேண்டாம்: நகராண்மைக் கழகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராண்மைக் கழக உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பாடாங் செராயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சேரும் குப்பையிலிருந்து எரிவாயுவும் கரியும் எடுக்கலாம். அதற்கு முதலில் வேண்டியது இயந்திரமல்ல. உணவுக் கழிவுக்கென்று ஒரு தனி வாளி.

காரணம் ஈரம். உணவுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பம் செலவாகும். மீந்த சோற்றை எரித்தால் அதன் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி, அந்த ஈரத்தைக் காயவைக்கவே போய்விடும். லங்காவி, பங்கோர், தியோமான், கேமரன் மலையில் நிறுவிய சிறு எரியூட்டிகள் டீசலை விழுங்கியதற்கும் ஈரக் குப்பை முக்கியக் காரணம். கெடாவில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம்தான். ஆனால் காகிதமும் போத்தலும் தனியே போக, சோறு மட்டும் குழந்தைகளின் பேம்பர்ஸோடு ஒரே பையில் லோரி ஏறுகிறது.

ஈரமானது தொட்டிக்குப் போக வேண்டும். அங்கே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கும்போது வருவதுதான் உயிர்வாயு. அதில் எரிவது மீத்தேன். பசாரிலோ கோயில் அன்னதானக் கூடத்திலோ நாளுக்கு 10 கிலோ உணவுக் கழிவு எளிதாகச் சேரும். அதிலிருந்து சுமார் 1 கன மீட்டர் உயிர்வாயு வரும், அது 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். மாதம் முழுவதும் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒரு 14 கிலோ கேஸ் தோங். இந்த அளவில் மின்சாரம் எடுக்க நினைக்காதீர்கள். ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் கிடைத்தாலே பெரிது. அடுப்புதான் சரி.

2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதனுள் கவிழ்த்த சற்றுச் சிறிய தொட்டி இன்னொன்று. வாயு சேரச் சேர மேல்தொட்டி மிதந்து எழும். கழிவு ஊற்றும் 4 அங்குலக் குழாய் அடிவரை இறங்க வேண்டும். 200 கிலோ மாட்டுச் சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றி, மீதியை மழைநீரால் நிரப்புங்கள். குழாய்நீரின் குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். முதலில் வரும் வாயு எரியாது, வெளியே விட்டுவிடுங்கள். வாயு எரியத் தொடங்கிய பிறகு நாளுக்கு 1 கிலோவில் தொடங்கி, ஆறு வாரத்தில் 10 கிலோவுக்குப் போகலாம். ஒவ்வொரு கிலோவுக்கும் 1 லிட்டர் தண்ணீர். நம் வெயிலுக்குச் சூடேற்றி தேவையே இல்லை.

பெரும்பாலான தொட்டிகள் கெடுவது பேராசையால். முதல் வாரமே பத்து கிலோவைக் கொட்டினால் புளித்துப்போய் வாயு நின்றுவிடும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6.5க்குக் கீழே இறங்கினால் ஊட்டுவதை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றிக் காத்திருக்க வேண்டும். வாழை இலையை அப்படியே போட்டால் நார் மிதந்து மேலே ஏடு கட்டும். 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். பூஜை எலுமிச்சையின் தோல் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. எலும்பும் ரப்பர் வளையமும் அடியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் பர்னரை அரிக்கும் வாயுவினுடையது. குழாய் வழியில் துருப்பிடித்த இரும்புத் தூள் வைத்தால் அடங்கும். சாதாரண அடுப்பின் வாயு வெளிவரும் ஜெட் துளையைப் பெரிதாக்காவிட்டால் நெருப்பு நிலைக்காமல் அணைந்துவிடும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் வெடிக்கும், ஆகவே தொட்டி திறந்த வெளியில் இருக்கட்டும்.

உலர்ந்தது சூளைக்கு. கோயில்களிலும் சாந்தான் (தேங்காய்ப்பால்) பிழியும் கடைகளிலும் குவியும் சிரட்டையில் இன்று மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்கிறது. 100 கிலோ காய்ந்த சிரட்டை 25 முதல் 30 கிலோ கரி தரும். மூடிய தோம்பில், காற்றுப் புகாமல், 400 முதல் 600 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். வெளிவரும் வாயுவைச் சூளைக்குள்ளேயே எரிக்க வழிசெய்யாவிட்டால் ஊரெல்லாம் புகை. திறந்த வெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் 29ஏ பிரிவின்படி குற்றம் என்பதால், சுற்றுச்சூழல் துறையின் ஒப்புதலைக் கழகமே பெற்றுத்தர வேண்டும். பிளாஸ்டிக் ஒரு துண்டுகூடச் சேரக் கூடாது. பிவிசி எரிந்தால் அமிலவாயுவும் டையாக்சின் என்ற நச்சும் வரும். கரியை எடுத்ததும் மூட்டை கட்டாதீர்கள். ஒரு நாள் முழுவதும் மூடிய தோம்பிலேயே கிடக்கட்டும், இல்லையென்றால் காற்றுப் பட்டுத் திரும்பவும் பற்றிக்கொள்ளும்.

இந்தக் கரியைக் குடிநீர் வடிகட்டிக்கு என்று யாரும் விற்க விடாதீர்கள். அதற்கு 800 முதல் 900 டிகிரியில் நீராவி செலுத்திச் செறிவூட்டிய கரி வேண்டும், அது தொழிற்சாலை வேலை. நம் கரி மண்ணுக்கானது. பச்சையாகப் போட்டால் பயிரின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து வழியும் கழிவுநீரில் இரண்டு வாரம் ஊறவைத்து, சதுர மீட்டருக்கு 1 கிலோ கலக்கலாம். நம் புளிப்பு மண்ணுக்கு அது நல்லது. வாழைக்கும் செம்பனைக் கன்றுக்கும் போடுங்கள், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம்.

நாங்கள் கேட்பது பசாரில் ஒரு தொட்டி, மழை படாத கூரையின் கீழ் ஒரு சூளை, தினமும் இரண்டு மணி நேரம் அதைப் பார்க்கச் சம்பளத்தோடு ஓர் ஆள். ஆளில்லாமல் தொட்டி மட்டும் வைப்பதாக இருந்தால், தயவுசெய்து வைக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
உயிர்வாயு, கரி வேலை தெரிந்த ஊர்க்காரர்கள்